வெகுளிக்கும் ஓர் அரங்கு

மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. இவ்வெட்டனுள் பெரும்பாலானவற்றுக்கு நம் நகரத்து இசைமன்றங்களில் இடம் உண்டு. அழுகைக்கும் உவகைக்கும் உரிய பண்களை இசைவாணர் அறிவர். பெருமிதமும் மருட்கையும் பத்திப் பாடல்களில் நிறைந்துள்ளன. வெகுளி ஒன்றே பெரும்பாலும் வாயிலில் நிற்கின்றது. தெருக்கூத்தில் பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சூளுரைக்கும்போது அது பொங்குகின்றது. கண்ணகி பாண்டியன் அவையில் நின்ற காதையைப் படிக்கும்போது நம் மாணவர் நெஞ்சிலும் அது எழுகின்றது. எனினும் விளக்கேற்றி, வரவேற்புரை கூறி, பொன்னாடை போர்த்தித் தொடங்கும் மேடைகளில் வெகுளியை நாம் அழைப்பதில்லை.

வெகுளியையே உயிராகக் கொண்ட ஓர் இசைவகை ஐம்பது ஆண்டுகளாக உலகில் வழங்கி வருகின்றது. அதற்குப் பங்க் என்று பெயர். இப்பெயரைக் கண்டதும் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். கிழிந்த ஆடை, கூர்கூராக நிறுத்திய முடி, காதைப் பிளக்கும் ஓசை என்னும் மூன்றுமே அவர்கள் நினைவுக்கு வரும். ஆயினும் ஜொகூரில் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞருள் சிலர் இவ்விசையைச் செவியில் அடைத்துக்கொண்டே பள்ளிக்கு வருகின்றனர். அவர்கள் கேட்பது யாது, அதில் கொள்ளத்தக்கது உண்டா, தள்ளத்தக்கது எது என்று ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புறம்பான வேலை ஆகாது. இலக்கணம் கற்றவனுக்கு எதையும் அளந்து பார்க்க ஒரு கோல் கையில் இருக்கின்றது. அக்கோலை நம் காலத்துக் கலையின்மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். நியூயார்க்கு நகரில் போவரி என்னும் எளிய தெருவில் சிபிஜிபி என்ற கிளப் 1973இல் திறக்கப்பட்டது. அங்கு இசைத்த குழுக்களுள் ஒன்று ராமோன்ஸ். 1976இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 29 நிமிடங்களே. நீண்ட தனி வாசிப்பு இல்லை. அணி அலங்காரம் இல்லை. சில சுரக்கட்டுகளும் விரைந்த தாளமும் உரத்த குரலும் போதும் என்பது அவர்கள் கொள்கை. நெடும்பாட்டுகள் பெருகிய காலத்தில் அவர்கள் குறுகத் தரித்த வடிவத்தை நாடினர். குறளையும் ஐங்குறுநூற்றையும் அறிந்த நமக்குக் குறுமை ஒரு குறையாகத் தோன்றாது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் இவ்விசை வேறு நிலையை அடைந்தது. 1976 ஜூன் 4ஆம் நாள் மான்செஸ்டர் நகரில், லெஸ்ஸர் ஃப்ரீ டிரேடு ஹால் என்னும் சிறு மண்டபத்தில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இலண்டன் குழு இசைத்தது. அதனை ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்டு டெவோட்டோ, பீட் ஷெல்லி என்னும் இரண்டு இளைஞர்கள். இசை வாணிகர் அல்லர். அக்குழுவைக் காணும் ஆவலால் அவ்வாண்டின் தொடக்கத்தில் தெற்கே நெடுந்தொலைவு பயணம் செய்து கண்டு, தம் ஊர்க்கும் அழைத்து வந்தவர்கள். கேட்க வந்தோர் ஏறத்தாழ நாற்பதின்மர் என்பர். அந்நாற்பதின்மருள் பீட்டர் ஹூக் என்பவர் மறுநாளே ஒரு கித்தார் வாங்கினார். அவரும் உடன் வந்த பெர்னார்டு சம்னரும் பின்னர் ஜாய் டிவிஷன் என்னும் புகழ்பெற்ற குழுவை அமைத்தனர். அழைத்து வந்த இருவரும் பஸ்காக்ஸ் என்ற தம் குழுவுடன் அடுத்த மாதமே அதே மண்டபத்தில் அரங்கேறினர். 1977 ஜனவரியில் கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு தம் முதல் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வர வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று வரும் பாணனோ பொருநனோ கூத்தனோ எதிரே வாடி வரும் மற்றொரு குழுவைக் கண்டு, இன்ன வழியாகச் செல்க, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்னான் உங்களை ஏற்பான் என்று வழிப்படுத்துகின்றான். தான் பெற்றதை மறைத்து வைப்பவன் அல்லன் அவன். பங்க் இசையும் இவ்வாறே ஊர்விட்டு ஊர் பரவிற்று. இலண்டனில் மார்க் பெரி என்ற வங்கி எழுத்தர் 1976 ஜூலையில் தட்டச்சுப் பொறியால் அடித்துப் படியெடுத்து ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அது போன்ற இதழ்கள் நாடெங்கும் எழுந்தன. எந்த ஊரில் எவர் இசைக்க இடம் தருவர், எவர் வீட்டில் படுத்துறங்கலாம் என்பன போன்ற செய்திகளைப் பிற்காலத்தில் இத்தகைய இதழ்களே சுமந்தன. வேறுபாடு ஒன்று உண்டு. பாணனின் வழி மன்னனிடம் சென்று முடிந்தது. இவர்களின் வழி தம்மைப் போன்ற மற்றோர் ஏழை இளைஞனிடம் சென்று முடிந்தது.

சிற்றிதழ் என்றவுடன் நம்மவர் ஒருவரையும் நினைத்தல் தகும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்ட கிழமை இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தவர் அவர். எளியவர் வாங்கத்தக்க விலையில் எளியவர் குரலை அச்சேற்றுவதே அதன் குறிக்கோள். நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து அவர் கருத்தினின்றே ஓர் இசைக்குழு பெயர் பெற்றது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அது. சாதியற்றோர் கூட்டு என்பது பொருள். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. கானா பாடுவோரும் பறையும் சட்டியும் முழக்குவோரும் கித்தார், டிரம் வாசிப்போரும் ஒரே மேடையில் நின்றனர். இசைவாணி என்னும் பெண் கானா பாடினார். ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட வகை அது. இலக்கணப்படி அவர்கள் இசை பங்க் ஆகாது. ஆனால் உயிர் ஒன்றே.

உயிர் ஒன்றே என்று எதைக்கொண்டு கூறுகின்றோம்? இங்குதான் தொல்காப்பியர் நமக்குக் கைகொடுக்கின்றார். வெகுளி பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று அவர் வரையறுத்தார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைத்தல், குடியைச் சார்ந்தோரை நலிவித்தல், அடித்தும் வைதும் அலைத்தல், உயிரைப் போக்குதல் என்று இவற்றைச் சுருக்கிக் கூறலாம். ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வெறும் முன்கோபத்தை அவர் மெய்ப்பாடாகக் கொள்ளவில்லை. உண்மையான ஒரு தீங்கிலிருந்து பிறக்கும் சினமே கலைக்கு உரியது. இந்நான்கனுள் ஒன்றைக் காட்ட முடியாத வெகுளி வெற்று ஆரவாரம். இதனினும் செம்மையான ஓர் அளவுகோலைப் பங்க் இசையைப் பற்றி எழுதும் மேலைநாட்டார்க்கும் நாம் தரலாம். சாதியின் பெயரால் குடி நலிவதைப் பாடும் சென்னைக் குழுவின் வெகுளி குடிகோளிலிருந்து பிறந்தது. வேலையில்லாதோர் தொகை பத்து இலக்கத்தைக் கடந்த 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இளைஞர் கூவியதும் அதன் இனமே.

நம் பகுதிக்கு வருவோம். மலேசியாவில் இவ்விசை 1980களில் ஒலிநாடாக்கள் வழியாகவும் கையால் படியெடுத்த இதழ்கள் வழியாகவும் பரவியது. 1991இல் கோலாலம்பூரில் அமைந்த கார்புரேட்டர் டங் என்னும் குழு இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. அதன் கித்தார்க் கலைஞர் ஜோ கிட் எழுத்தாளருமாவார். இசையைப் போலவே எழுத்தாலும் இவ்வியக்கத்தை வளர்த்தவர். இவ்விசைக்கு அலைப்பும் நேர்ந்ததுண்டு. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் 2011 டிசம்பரில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு வந்த 64 இளைஞரைக் காவலர் பிடித்துத் தலையை மழித்தனர். கோலாலம்பூரையடுத்த அம்பாங்கில் ருமா ஆப்பி என்ற இசைக்கூடம் 2015 ஆகஸ்டில் சோதனைக்கு உள்ளாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவ்விளைஞர்கள் தம் பாட்டில் அலையைப் பற்றிப் பாடினால் வியப்பதற்கில்லை.

ஜொகூர் பாரு இவ்விசைக்கு இடைவழி ஊர். வடக்கே கோலாலம்பூர், தெற்கே 1924இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர். கடந்த ஆண்டு இவ்வூரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், பல ஆண்டுகளாக இசைப்பதிவில் மட்டும் கேட்டு வந்த ஒரு மலாய்க் குழுவை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவ்விளைஞர்கள் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள், விளம்பரத்தை நாடாதவர்கள். ஆதலின் அவர்கள் பெயரை ஈண்டுக் குறிக்கவில்லை. காணாமலே வளரும் அன்பு தமிழர்க்குப் புதிதன்று. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள். ஆயினும் வடக்கிருந்த சோழன் தன் நண்பனுக்கு அருகில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். உணர்ச்சி ஒத்தால் பழக வேண்டுவதில்லை என்பது உண்மையே. அந்த உணர்ச்சியே இறுதியில் ஒருவரை எழுப்பி நடக்க வைக்கின்றது என்பதும் உண்மை.

அங்குக் கண்டவை மூன்று. மூன்றும் பதிவில் கேட்க இயலாதவை.

முதலாவது அரங்கின் அமைப்பு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவை நுணுக்கமாகத் தருகின்றார். 24 விரல் கொண்ட கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல் என அமைத்தனர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். தூணின் நிழல் விழாதபடி விளக்கு. மாதவியின் கலைக்கு ஏற்ற அரங்கு அது. இம்மாடியறையிலோ உயரம் இல்லை, எழினியும் இல்லை. டிரம் வழுக்காதிருக்க ஒரு பழைய கம்பளம் மட்டும் விரிக்கப்பட்டிருந்தது. பாடுபவரும் கேட்பவரும் ஒரே தரையில் நின்றனர். ஓர் இளைஞரின் கித்தார் நரம்பு அறுந்தபோது, முன்னர் இசைத்த குழுவைச் சேர்ந்தவர் கூட்டத்திலிருந்து தம் கருவியை நீட்டினார். இசை நின்றது அரை நிமிடமே. உயரத்தை எடுத்துவிட்டால் கலைஞர்க்கும் சுவைஞர்க்கும் இடையே இருந்த வேலியும் போய்விடுகின்றது என்பதை அங்கே கண்டேன்.

இரண்டாவது பாட்டின் சொற்கள். பதிவில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். அங்கே கருவிகளின் முழக்கத்தில் பாடகரின் குரல் பாதி மூழ்கிற்று. பாடலோடு பொருந்தாத பண்ணால் யாது பயன் என வள்ளுவர் வினவியதை நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டாம் பாட்டிலேயே அவ்வையம் தீர்ந்தது. சொற்களைக் கூட்டத்தினர் பாடினர். அறுபது பேர்க்கும் பாட்டு மனப்பாடமாக இருந்தது. பாடகர் தொடங்கிய அடியை அவர்கள் முடித்தனர். நூல் பாடகரிடம் இல்லை, கேட்போரிடம் இருந்தது. தைப்பூசத்தில் காவடி எடுப்போர்க்கு முன்னும் பின்னும் செல்வோர் பாடுவதைக் கண்ட நமக்கு இஃது எளிதில் விளங்கும். வழிபாட்டில் இம்முறையைப் போற்றும் நாம், இலக்கிய மேடையில் மட்டும் கேட்போரை வாய்மூடி இருக்கச் செய்துள்ளோம்.

மூன்றாவது பொருள். அவர்கள் பாடியவற்றுள் சிறந்தது, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளியைப் பற்றியது. உறங்கும் பிள்ளையின் முகத்தை மட்டுமே காணும் தந்தையின் சினம் அதில் இருந்தது. தொல்காப்பியர் கணக்கில் அது குடிகோளே. அந்தப் பாட்டு மலாய்மொழியில் இருந்தது. ஆனால் அது நம் பிள்ளைகளின் வீட்டுக்கதை. ஜொகூர்த் தமிழாசிரியர் எவரும் தம் வகுப்பில் அத்தகைய தந்தையரின், தாயரின் மக்களை எண்ணிக் காட்டலாம். நம் மாணவரின் கட்டுரை ஏடுகளில் அவர்கள் இடம்பெறுகின்றனரா? அங்கே பெரும்பாலும் தென்றல் வீசுகின்றது, புள்ளினங்கள் பாடுகின்றன, குடும்பத்தார் கடற்கரைக்கு உலாச் செல்கின்றனர். விடியற்காலை நான்கு மணிக்கு எழும் தந்தைக்குத் தமிழில் இடம் இல்லையாயின், அவர் மகன் தன் சினத்தைச் சொல்லும் மொழியாக வேறொன்றைத் தேர்ந்தெடுப்பான். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அத்தேர்வு இன்னும் எளிது. மொழியைக் காத்தல் பற்றி நாம் பேசும் பேச்சுகளில் இவ்விடர் போதிய அளவு எண்ணப்படுவதில்லை.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை. அக்குழுவின் பாடல்கள் பெரும்பாலும் ஒரே விரைவில் ஓடின. இருபது நிமிடத்துக்குப் பின் செவி சோர்ந்தது. நகையும் அழுகையும் இடையிடையே கலந்தாலன்றி வெகுளியின் வெம்மை தெரியாது. வழக்குரை காதையின் சினம் சுடுவதற்குக் காரணம் முன்னே கனாத்திறம் உரைத்த காதையும் துன்ப மாலையும் நின்றமையே. இறுதியாக இசைத்த இரண்டு பாட்டுகள் வேறு குழுவினரை ஏசுபவை. நான்கு நிலைக்களனுள் எதனையும் அவற்றில் காணவில்லை. கூட்டத்தாரும் அவற்றுக்கு அவ்வளவாக வாய் திறக்கவில்லை. மேலும், பாடினோர் அனைவரும் ஆடவர். பாணரோடு விறலியரும் சேர்ந்தே வழிநடந்தனர் என்று சங்க நூல்கள் காட்டுகின்றன. இலண்டனில் 1977இலேயே எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் என்னும் குழுவின் முன்னணியில் போலி ஸ்டைரின் என்ற பெண் நின்று பாடினார். இவ்வகையில் நம் ஊர் இளைஞர்கள் இன்னும் செல்ல வேண்டிய வழி உண்டு.

இனி, நம்மவர்க்கு அண்மையான ஒன்று. பங்க் என்ற பெயரை அறியாத தமிழ் இளைஞரும் உறுமி மேளத்தை அறிவர். தோட்டங்கள் அழிந்து நகரோரக் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தாமே பணம் திரட்டிக் கருவி வாங்கி, தாமே பயின்று, கோயில் ஊர்வலங்களிலும் திருமணங்களிலும் முழக்குகின்றனர். ஒரு முகத்தை அடித்தும் மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் எழுப்பும் அவ்வுறுமலில் வெகுளியின் சாயல் உண்டு. அதனை ஓசைத் தொல்லை என்று கடிபவர் பலர். அளவும் ஒழுங்கும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. நள்ளிரவில் முழக்கி நோயாளியை எழுப்புவது கலையாகாது. ஆனால் உறுமி அடிக்கும் மாணவன் தாளக்கணக்கை விரலில் வைத்திருக்கின்றான். அவனுக்குச் சிந்தும் வண்ணமும் கற்பிப்பது எளிது. அவனை வெளியே நிறுத்திவிட்டு யாப்பிலக்கணத்தில் ஆர்வம் இல்லையே என்று வருந்துவது பொருந்துமா?

ஆசிரியர்கள் செய்யத்தக்கது பெரிதன்று. தவணைக்கு ஒருமுறை மேடையும் ஒலிபெருக்கியும் தலைமையுரையும் இல்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்குக. மாணவர் வட்டமாக அமரட்டும், மேசையே தாளக்கருவியாகட்டும். தாம் கண்ட ஒரு தீங்கைப் பற்றி எட்டு அடி எழுதிப் பாடச் செய்க. பாடி முடித்தபின், இவ்வெகுளி உறுப்பறையா, குடிகோளா, அலையா, கொலையா என்று வகுப்பினரையே வினவுக. எதிலும் அடங்காவிடில் அதனை விட்டுவிட்டு வேறு எழுதச் சொல்க. வசைச்சொல் தானே உதிரும், பொருள் நிற்கும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவன், அது தன் வீட்டைப் பற்றியே பேசுகின்றது என்பதை அன்று உணர்வான்.

மான்செஸ்டரில் அன்று கூடியவர் நாற்பதின்மரே. நம் வகுப்பு ஒன்றில் அமர்வோர் தொகையும் ஏறத்தாழ அதுவே. அவர்களுள் ஒருவன் மறுநாள் கடைக்குச் சென்று ஒரு கருவி வாங்கலாம். ஒருத்தி மறுநாள் ஓர் ஏட்டைத் திறக்கலாம். அவ்வேட்டில் எழுதப்படும் மொழி தமிழாக இருத்தல் வேண்டும் என்று விரும்புவோர், வெகுளிக்கும் தமிழில் ஓர் அரங்கு அமைத்துத் தருவார்களாக.